நான்கு நிமிடம் பத்து விநாடி

ஜூன் 3, திங்கள்

இன்று சிவப்பு அறையில் கேமரா மாட்டினார்கள். ஒன்று கட்டிலுக்கு நேர் மேலே, இன்னொன்று கதவுப் பக்க மூலையில். மூச்சுப்பேச்சில்லாமல் வருகிறவர்களை நேராகத் தள்ளிக்கொண்டு போகிற அறை அது. சுவரெல்லாம் வெள்ளைதான், கதவில் ஒட்டிய சிவப்புத் தாளால் வந்த பெயர். இருபத்தோரு வருடமாக அந்த அறைக்குள் போய்வருகிறேன். அங்கே என்னை யாரும் படம் பிடித்ததில்லை.

யோசனை டாக்டர் ஷிரினுடையது. அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், சொந்த ஊர் மேலப்பாளையம். எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, "இது யாரையும் மாட்டி விடுததுக்கு இல்ல. நாம என்ன செய்யுதோம்னு நாமளே பாக்கதுக்கு" என்றார். வியாழன்தோறும் மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து ஒரு பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டும். திட்டக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது. முப்பது நாள் ஆனால் பதிவு தானாக அழிந்துவிடும். டீயும் வடையும் உண்டு.

வடை என்றதும் பாதிப் பேருக்குச் சம்மதம் வந்துவிட்டது. பெரிய டாக்டர் சங்கரபாண்டியன் மட்டும் கேமராவை அண்ணாந்து பார்த்து, "என் வழுக்கையும் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர்தான் எங்கள் பிரிவுத் தலைவர். கை வேலையாக இருக்கும்போது கத்துவார், வேலை முடிந்ததும் மறந்துவிடுவார். நாங்கள் மறப்பதில்லை.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இனி எழுதலாம் என்றிருக்கிறேன். எத்தனை நாளைக்கோ.

ஜூன் 6, வியாழன்

முதல் கூட்டம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். நான் நடக்கும்போது யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி முழங்கையை அகட்டிக்கொண்டு நடக்கிறேன். இவ்வளவு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

பார்த்தது ஒரு பைக் விபத்து. அறைக்குள் பதினொரு பேர். அதில் நான்கு பேருக்கு ஒரு வேலையும் இல்லை, சுவரோடு சுவராக நிற்கிறார்கள். பெரிய டாக்டர், "ரத்தத்துக்குச் சொல்லுங்க" என்கிறார். மூன்று பேர் "சரி சார்" என்கிறோம். ஒருவரும் போகவில்லை. ஆறு நிமிடம் கழித்து அவர், "ரத்தம் எங்க?" என்று கத்தும்போது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், அதனால் சிரிக்க முடிந்தது.

ஒவ்வொரு பதிவையும் முதலில் ஒருவர் பார்த்து எது எத்தனை மணிக்கு நடந்தது என்று தாளில் குறிக்க வேண்டுமாம். டாக்டர் ஷிரின் என்னிடம் கொடுத்தார். லேப்டாப்பும் என் அலமாரியில்தான். "உங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாங்க சிஸ்டர்" என்றார்.

ஜூன் 10, திங்கள்

தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர் குளிக்காமல் வேலைக்குப் போனார். தோசைமாவு புளித்துவிட்டது.

ஜூன் 13, வியாழன்

கூட்டத்தில் முடிவான காரியங்கள்: ரத்தம் கேட்டால் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர், "நான் போறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சளி உறிஞ்சும் மெஷின் கட்டிலின் இடப்பக்கம் வரும். வேலை இல்லாதவர் வெளியே. அட்டெண்டர் வேலம்மா, "அப்ப நான் சாப்பிடுதது கேமராவுல தெரியாதுல்லா?" என்று கேட்டாள். சிவப்பு அறையில் என்னத்தைச் சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் ஷிரின் இன்னொன்றும் கேட்டார். யாராவது ஒன்றைக் கவனித்தால் நேரே டாக்டரிடம் ஏன் சொல்வதில்லை என்று. எங்கள் இடத்து வழக்கத்தை நான் விளக்கினேன். டெக்னீஷியனோ அட்டெண்டரோ புது நர்ஸோ, எதைப் பார்த்தாலும் இன்சார்ஜ் சிஸ்டரிடம், அதாவது என்னிடம், சொல்ல வேண்டும். சிஸ்டர் நேரம் பார்த்து டாக்டரிடம் சொல்வாள். பத்துப் பேர் பத்துக் குரலில் பேசினால் டாக்டர் எதைத்தான் கேட்பார்? வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் அறையைப் போல அமைதியான அறை வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார்.

டாக்டர் ஷிரின் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஜூன் 20, வியாழன்

ரத்தம் வரும் நேரம் ஆறு நிமிடத்திலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது. தாளில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இசக்கிராஜ் என் பங்கு வடையையும் சாப்பிட்டான். அவன் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். பதினொரு வருடமாக என்னோடு இருக்கிறான். தினமும் காலை ஏழரைக்கு வந்து ஒவ்வொரு மெஷினையும் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவன் பொறுப்பு. கேப்னோ மெஷின் இந்த வாரத்தில் இரண்டு தடவை மக்கர் செய்தது என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். நோயாளி விடும் மூச்சை அளந்து திரையில் மேடு மேடாகக் கோடு காட்டும் மெஷின் அது. தொண்டையில் போட்ட ட்யூப் சரியான இடத்தில் இருந்தால் மேடு வரும். வயிற்றுக்குப் போகிற பாதையில் இறங்கிவிட்டால் தட்டைக் கோடுதான்.

நாளை தேரோட்டம். பஸ் எல்லாம் சுற்றிப் போகும். சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

காலை 10.38க்கு ஒரு பெண். வயது 31. கடுமையான மூச்சிழுப்பு. 11.25க்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். வெயில் இல்லை, காற்றுதான். குற்றாலத்தில் சாரல் என்கிறார்கள்.

ஜூன் 26, புதன்

சாம்பாரில் உப்பு இல்லை என்றார். இருக்கும். நான் போட்டேன்.

ஜூன் 27, வியாழன்

டாக்டர் ஷிரின் தன் தங்கை கல்யாணம் முடிந்து இன்றுதான் வந்தார். செவ்வாய்க்கிழமை இறந்துபோன பெண்ணின் பதிவை இன்று பார்க்கலாமா என்று கேட்டார். அதில் சத்தம் சரியாகப் பதிவாகவில்லை என்று சொன்னேன். தாளிலும் அப்படியே எழுதினேன். "சரி சிஸ்டர், அப்ப வேற போடுங்க" என்றார். பாம்புக்கடிக்காரர் பதிவைப் போட்டேன்.

வடை ஆறிப்போயிருந்தது.

ஜூலை 1, திங்கள்

இசக்கிராஜுக்கு மெமோ வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டில் பெரிய டாக்டர் எழுதியிருக்கிறார்: கேப்னோ மெஷின் வேலை செய்யவில்லை, சளி அடைத்ததாகத் தோன்றியதால் ட்யூப் மாற்றப்பட்டது. வேலை செய்யாத மெஷினுக்கு அன்று காலை "சரியாக உள்ளது" என்று கையெழுத்துப் போட்டவன் இசக்கிராஜ். ஆகவே விளக்கம் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. விசாரணை ஜூலை 26, வெள்ளிக்கிழமை.

பெரிய டாக்டர் பொய் எழுதுகிறவர் இல்லை. மெஷின்தான் காரணம் என்று அவர் நம்புகிறார்.

இசக்கிராஜ் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். "ரெண்டாவது தட்டுல புது பேட்டரி வச்சிருக்கேன்க்கா" என்றான்.

ஜூலை 3, புதன்

பால் பொங்குவதற்கு நான்கு நிமிடம் பத்து விநாடி ஆகிறது. சின்ன அடுப்பில். சும்மாதான் பார்த்தேன்.

ஜூலை 4, வியாழன்

கூட்டம். மாரடைப்புக்காரர் ஒருவர். எல்லோரும் பெயர் சொல்லிப் பேசப் பழகிவிட்டார்கள். டாக்டர் ஷிரின் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வேலம்மா கைதட்டினாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தப் பெண்ணின் பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆறாவது தடவை.

ஜூலை 9, செவ்வாய்

அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வந்திருந்தார். முக்கூடல் பக்கம். பெயர் பரமசிவன், கட்டட வேலை. இறப்புச் சான்றிதழுக்கும் ஆஸ்பத்திரிக் குறிப்புகளின் நகலுக்கும் அலைகிறார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க அன்னைக்கு உள்ள இருந்தீயல்லா சிஸ்டர்?"

"நாலஞ்சு பேரு இருந்தோம் தம்பி."

"எல்லாம் சரியாத்தான செஞ்சாவ?"

நகலுக்கு நாலாம் நம்பர் கவுண்டரில் மனு கொடுக்க வேண்டும், ஆதார் நகல் வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் தயிர்சோறு. பாதிதான் இறங்கியது.

ஜூலை 12, வெள்ளி

வாஷிங் மெஷின் பழுதுபார்க்க ஆள் வந்தார். பெல்ட் போய்விட்டதாம். அவர் திறந்து மூடுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து, "கனி, அந்த ஆளு போயி அரைமணி நேரமாச்சு. இன்னும் ஏன் இங்கயே இருக்க?" என்று கேட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் இசக்கிராஜைப் பார்த்தேன். மச்சானுடைய லோடு ஆட்டோவை ஓட்டுகிறான். இறங்கி வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் படத்துல நான் சொன்னது விழுந்திருக்கும்லா?"

"எது?"

"கோடு வரலன்னு நான் உங்கள்ட்ட ரெண்டு தடவ சொன்னேம்லாக்கா. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில என் வாயில வச்சு ஊதிப் பாத்தேன், மேடு வந்துச்சு."

"சத்தம் சரியா விழல இசக்கி."

அவன் என் முகத்தைப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிக்கா. நீங்க பாத்துட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பஸ் வந்தது, ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

ஜூலை 18, வியாழன்

சத்தம் நன்றாகவே விழுந்திருக்கிறது. அறையின் மின்விசிறி கிறீச்சிடுவதுகூடக் கேட்கிறது.

எழுதிவிடுகிறேன். தாளில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

10.43.20. பெரிய டாக்டர் ட்யூப் போடுகிறார். பட்டமேற்படிப்பு மாணவர் அந்தப் பெண்ணின் நெஞ்சில் ஸ்டெத் வைத்து, "கேக்குது சார்" என்கிறார். இழுப்பு முற்றியவர்களுக்கு நெஞ்சில் ஒன்றுமே கேட்காது, எதையாவது கேட்டது மாதிரித் தோன்றும். அவரைக் குறைசொல்ல முடியாது.

10.43.50. இசக்கிராஜ் என் வலதுபக்கம் நிற்கிறான். "அக்கா, கோடு வரல" என்கிறான். நான் திரும்பவில்லை. இடது கையால் மருந்து ஏற்றிக்கொண்டே வலது கையை அவன் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் காட்டுகிறேன். இரு என்று.

10.44.40. "அக்கா, கோடே இல்லக்கா. வயிறு வேற உப்புது." நான் சொல்கிறேன்: "அந்த மெஷின் எப்பவும் அப்படித்தான். சார் பாத்துக்கிடுவாக. நீ அடுத்த மருந்த எடு." அவன் எடுக்கிறான்.

10.46. நாடி இல்லை. நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கிறோம்.

10.47.30. பெரிய டாக்டர் ட்யூபை உருவி வேறு போடுகிறார். அடுத்த விநாடியே, படத்தின் மூலையில் தெரிகிற மெஷின் திரையில் சின்னதாக ஒரு மேடு. பிறகு இன்னொன்று. மெஷின் நன்றாக இருந்திருக்கிறது. அந்தக் கலவரத்தில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. இசக்கிராஜ்கூட அப்போது குனிந்து மருந்து உடைத்துக்கொண்டிருந்தான், நான் சொன்ன மருந்து.

நான்கு நிமிடம் பத்து விநாடி.

பதினான்கு தடவை பார்த்துவிட்டேன். என் முகத்தில் கோபமோ பதற்றமோ ஒன்றும் இல்லை. வீட்டில் குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கிறவள் முகம்தான் இருக்கிறது.

இன்றைய கூட்டத்துக்கு விஷம் குடித்தவர் ஒருவரின் பதிவைப் போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் நீளம். மீன் வாங்கினோம், சாளை.

ஜூலை 24, புதன்

நாளைக்கு முப்பது நாள் முடிகிறது. பதிவு நாளை இரவு தானாக அழியும். வெள்ளிக்கிழமை விசாரணை. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பொய்கூட இனிச் சொல்ல வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. சும்மா இருந்தால் போதும். இசக்கிராஜுக்கு வேலை போகும். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் ஏழாவது படிக்கிறாள். எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது, அதுவரை எல்லோரும் என்னைச் சிஸ்டர் சிஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

இந்த ஒரு மாதமாக ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். பயம் வரும், பயத்தில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அழுகை வரும், அழுதபடியே போய் டாக்டர் ஷிரினிடம் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. பல்லைப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. கிள்ளினாலும் தெரியவில்லை.

எதுவும் வராமலேயே செய்ய வேண்டியதுதான் போலிருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

காலையில் வழக்கம்போல இட்லி. எட்டரைக்கு டாக்டர் ஷிரின் அறைக்குப் போனேன். "இன்னைக்கு ஜூன் 25 பதிவப் போடுதேன் டாக்டர். சத்தம் நல்லா இருக்கு. அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "போடுங்க சிஸ்டர். நான் பெரியவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருதேன்" என்றார். இசக்கிராஜையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் உள்ளே வரக்கூடாது என்பது விதி என்றார். விதியை நான் மீறச் சொல்லவில்லை. அவன் வெளியே வராந்தாவில் நிற்கட்டும் என்றேன். போன் செய்தேன், வந்து நின்றான்.

இரண்டு மணிக்குப் பதினான்கு பேர். பெரிய டாக்டர் முன்வரிசையில், டீ டம்ளரோடு. நான் போட்டேன்.

முதல் "அக்கா, கோடு வரல" வந்தபோது யாரும் அசையவில்லை. என் கை திரையில் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவது வந்தது. பிறகு என் குரல். என் குரல் அவ்வளவு நிதானமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ட்யூப் மாற்றியதும் திரையின் மூலையில் மேடு வரும் இடத்தில் நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டினேன்.

"மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு. இசக்கி சொன்னது நெசம். தடுத்தது நான்" என்றேன். பெயர் சொல்லக்கூடாது என்ற விதியை அங்கேதான் முதன்முதலாக மீறினேன்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வேலம்மா வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று நின்றேன். பெரிய டாக்டர் கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் கத்துவதற்கு எத்தனையோ சின்னக் காரணங்கள் கிடைத்திருக்கின்றன.

அவர், "பின்னால போங்க. அவன் மொதல்ல சொன்ன எடத்துக்கு" என்றார். போட்டேன். திரும்பவும் போடச் சொன்னார். போட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு சிஸ்டர்" என்றார்.

திரையைக் கையால் காட்டினார்.

"ரெண்டு தடவையும் கேட்டுச்சு. நான் தலைமாட்டுலதான நிக்கேன், ரெண்டடி. அவன் உங்கள்ட்ட சொல்லுதான். முக்கியமா இருந்தா நீங்க எங்கிட்டச் சொல்லுவீயன்னு இருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அப்போ ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்."

இருபத்தோரு வருடமாக நான் பழக்கியது அது. கீழே இருந்து மேலே போகிற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன், சரி. மேலே இருந்தவரும் தன் காதில் விழுந்ததை, என் வாயால் வராததால், விழாததாக்கிக்கொண்டார். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்திருக்கிறது.

பட்டமேற்படிப்பு மாணவர் மெதுவாக, "எனக்கும் கேட்டுது சார்" என்றார். மூலையில் நின்ற புது நர்ஸ் ஒருத்தி தனக்கும் கேட்டது என்றாள். கடைசியில் பார்த்தால் அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் கேட்டிருக்கிறது.

டாக்டர் ஷிரின் எழுந்து கதவைத் திறந்தார். இசக்கிராஜ் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். பெரிய டாக்டர் வெளியே போய், "ஏல, நீ எங்கிட்டச் சத்தமா சொல்லிருக்கலாம்லா" என்றார். அவன், "சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காவ சார்" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

கேஸ் ஷீட்டில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நான்கு மணிக்குள் பெரிய டாக்டரே சூப்பரின்டெண்ட் அறைக்குக் கொண்டுபோனார். அந்தக் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்று டாக்டர் ஷிரின் கேட்டாராம். மேலே கலந்து பேசி முடிவு செய்யலாம் என்றார்களாம்.

ஜூலை 26, வெள்ளி

பதிவு அழிந்துவிட்டது. லேப்டாப்பில் அந்தத் தேதிக்கு எதிரே காலியாக இருக்கிறது.

விசாரணை நடக்கவில்லை. மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஒன்று வரும் என்றார்கள், வரட்டும்.

ஜூலை 29, திங்கள்

இசக்கிராஜ் ஏழரைக்கு வந்துவிட்டான். மெஷின்களைப் போட்டுப் பார்த்தான். "குட்மார்னிங் சிஸ்டர்" என்றான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகச் சிஸ்டர். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு ஆக்சிஜன் குழாயைத் துடைக்கப் போய்விட்டான். வலித்தது. வலித்தது என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இனி ட்யூப் போட்ட உடனே, அறையில் யார் இருந்தாலும், திரையைப் பார்த்து, "கோடு இருக்கு" அல்லது "கோடு இல்ல" என்று ட்யூப் பிடித்திருக்கும் டாக்டர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பொம்மையை வைத்துப் பழகினோம். பெரிய டாக்டர் தலைமாட்டில் நின்றுகொண்டு வேலம்மாவைச் சொல்லச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்குக் கேக்கல வேலம்மா, கத்து" என்றார். ஐந்தாவது தடவை கத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எங்கள் அறை இப்போது சந்தைக்கடை மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

கூட்டம் முடிந்து வரும்போது நாலாம் நம்பர் கவுண்டர் முன்னால் பெஞ்சில் பரமசிவன் உட்கார்ந்திருந்தார். நகல் இன்று தயாராகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மேலே இன்னும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அன்னைக்கு எல்லாம் சரியாத்தான் செஞ்சாவளான்னு கேட்டீங்க. இல்ல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ட்யூப், கோடு, இசக்கிராஜ் சொன்னது, என் கை, நான்கு நிமிடம் பத்து விநாடி. மருத்துவ வார்த்தை ஒன்றுகூடப் போடாமல் சொன்னேன். அவர் கையிலிருந்த டோக்கனை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"அந்த டாக்டருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"உங்களுக்கும் கேட்டுச்சு."

"ஆமா."

"இப்ப அப்படி ஒரு கோடு வரலன்னா யாரு சொல்லுவா?"

"யாரு பாத்தாலும் சொல்லணும். அட்டெண்டர்கூடச் சொல்லுவாவ. நேரா டாக்டர்ட்ட."

"அன்னைக்கு அப்படி இல்லியா?"

"இல்ல தம்பி."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண் நோயாளி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்: "ஆவுடைச்செல்வி." அவர் அசையவில்லை. "ஆவுடைச்செல்வி, முக்கூடல்." அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் நான் எழுந்து, "இங்கதான் இருக்கோம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னாள். பக்கத்துக் கட்டத்தில், வாங்குபவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. அன்று உடனிருந்த நர்ஸ் என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. கவுண்டர் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள், வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய், தாள்களை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.